நேற்று பந்தோபஸ்து, இன்று வேட்புமனு

தெலங்கானா சட்டமன்றத் தேர்தலுக்கான அட்டவணை 2023 அக்டோபர் 9 அன்று வெளியானது. அந்த வாரம் முடிவதற்குள் தேர்தல் ஆணையத்திடமிருந்து இன்னோர் உத்தரவு வந்தது. ஹைதராபாத், வாரங்கல், நிஜாமாபாத் மாநகரக் காவல் ஆணையர்கள், பல மாவட்டங்களின் எஸ்.பி.க்கள், நான்கு கலெக்டர்கள் எனப் பெரிய பட்டியல் அது. எல்லோரும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும் என்றது உத்தரவு. பட்டியலில் சங்காரெட்டி எஸ்.பி.யும் இருந்தார். ஹைதராபாத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் பட்டான்செரு அப்போது அந்த மாவட்டக் காவல்துறையின் எல்லைக்குள் இருந்தது.

இப்படி மாற்றுவதற்குக் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை, விசாரணையும் நடக்க வேண்டியதில்லை. தேர்தல் நேரத்தில் காவல்துறை நடுநிலையாக இருக்கிறது என்று மக்கள் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்காக எந்த அதிகாரியையும் எந்த நேரத்திலும் ஆணையம் நகர்த்தலாம். அந்த அதிகாரம் அதற்கு இருப்பது நல்லது. ஆனால், இவ்வளவு கண்டிப்பான ஆணையம் ஒரு கேள்வியை மட்டும் எந்த அதிகாரியிடமும் கேட்பதில்லை. பந்தோபஸ்து பார்க்கும் உங்களுக்கே இந்தத் தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்கிறதா?

தேவையில்லாத கேள்வி என்று இதை ஒதுக்க முடியாது. கடந்த சில தேர்தல்களில் பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், ஆந்திரா என்று எங்கு பார்த்தாலும் காக்கியைக் கழற்றிய கையோடு கட்சியில் சேர்ந்தவர்களும் வேட்புமனுவில் கையெழுத்திட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை

முன்னாள் அதிகாரிகளின் அரசியலைப் பட்டான்செருவும் ஆறு மாதத்தில் இரண்டு முறை பார்த்தது. பட்டான்செரு என்றதும் வேளாண்மை தெரிந்தவர்களுக்கு இக்ரிசாட் நினைவுக்கு வரும். 1972-ல் தொடங்கிய அந்தப் பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்கள் இங்கேதான் இருக்கின்றன. மற்றபடி இது தொழிற்சாலைகளின் ஊர். பாசமைலாரம், பொல்லாரம், பானூர், ராமச்சந்திராபுரம் பெல் நிறுவனம் என்று ஷிப்ட் சைரன்களை வைத்தே நேரம் சொல்லிவிடலாம். பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து தங்கிய தொழிலாளர்கள், விளைநிலம் பிளாட்டாக மாறியதில் பணம் பார்த்த பழைய குடும்பங்கள், புதிய அடுக்குமாடிகளில் குடியேறிய மென்பொருள் ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்து 4 லட்சம் வாக்காளர்களை நெருங்கும் தொகுதி இது. 2023-ல் பாரத் ராஷ்டிர சமிதியின் கூடெம் மகிபால் ரெட்டி, காங்கிரஸின் காட்டா ஸ்ரீனிவாஸ் கவுடைச் சுமார் 7,000 வாக்குகளில் வென்றார். மூன்றாவதாக வந்த நீலம் மதுவுக்கு விழுந்தவை நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகள்.

நீலம் மது காங்கிரஸ் வேட்பாளராக அறிவிக்கப்பட்டு, பிறகு சீட்டு கைமாறியதால், பகுஜன் சமாஜ் கட்சியின் யானைச் சின்னத்தில் நின்றவர். அந்தக் கட்சிக்கு அப்போது மாநிலத் தலைவராக இருந்தவர் ஆர்.எஸ்.பிரவீண் குமார். 1995-ம் ஆண்டு ஐ.பி.எஸ். அணியைச் சேர்ந்தவர், 2021 ஜூலையில் விருப்ப ஓய்வு பெற்று அரசியலுக்கு வந்தவர். அடுத்த ஆறு மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. பட்டான்செரு அடங்கிய மேடக் தொகுதியில் பாரத் ராஷ்டிர சமிதி நிறுத்தியது பி.வெங்கடராமி ரெட்டியை. அவர் காவல்துறைக்காரர் அல்ல, சித்திப்பேட்டை கலெக்டராக இருந்தவர். 2021 நவம்பரில் விருப்ப ஓய்வு பெற்ற ஓரிரு நாளில் அன்றைய ஆளுங்கட்சியின் எம்.எல்.சி. வேட்பாளராகி, மேலவைக்குப் போனவர். சித்திப்பேட்டையும் அதே மேடக் நாடாளுமன்றத் தொகுதிக்குள்தான் வருகிறது.

2024 ஏப்ரலில் சித்திப்பேட்டையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். வேட்பாளர் வெங்கடராமி ரெட்டி பங்கேற்ற ஒரு கூட்டத்துக்குப் போனார்கள் என்று சொல்லி, ஊரக வேலைத் திட்டத்திலும் மகளிர் குழுத் திட்டத்திலும் வேலை பார்த்த 106 ஊழியர்களை மாவட்ட நிர்வாகம் பணியிடைநீக்கம் செய்தது. நடவடிக்கை சரியா, தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒரு காலத்தில் அந்த மாவட்டத்துக்கே கலெக்டராக இருந்தவர் அழைத்தால், கீழே வேலை பார்த்த ஊழியர் மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பதவி போனாலும் பழைய மேலதிகாரியின் குரலுக்கு இருந்த கனம் உடனே போய்விடாது. கோப்பு பார்த்த கலெக்டருக்கே இந்த நிலை என்றால், லத்தியும் வழக்கும் கையில் வைத்திருந்தவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காவல் ஆய்வாளரின் குறிப்பேடு

வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காவலரைத்தான் நாம் பார்க்கிறோம். காவல்துறையின் தேர்தல் வேலை அதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. அதன் பெரும்பகுதி வாக்காளர் கண்ணில் படுவதே இல்லை.

முதல் வேலை, பிரச்சினைக்குரிய இடங்களைக் குறிப்பது. எந்த வாக்குச்சாவடிக்கு உட்பட்ட எந்தத் தெருவை யார் மிரட்டக்கூடும், மிரட்டினால் யார் பயப்படுவார்கள் என்று பெயர் வாரியாகப் பட்டியல் போட வேண்டும். ஆணையமே கேட்டு வாங்கும் பட்டியல் இது. நோக்கம் நல்லது, பலவீனமானவர்களின் தெருவுக்குக் கூடுதல் பாதுகாப்பு தருவதற்காகத்தான் கேட்கிறார்கள். ஆனால், அதே தாள் ஒரு வேட்பாளரின் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? எந்தக் குடியிருப்பை எப்படி வளைக்கலாம் என்பதற்கான வரைபடம் தயாராகக் கிடைத்துவிடும்.

அடுத்தது பைண்ட் ஓவர். பழைய ரவுடிப் பட்டியலில் இருப்பவர்கள், கடந்த தேர்தலில் தகராறு செய்தவர்கள் ஆகியோரை தாசில்தார் முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது. யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை விடுவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது காவல் நிலையம்தான். ஒரு கட்சியின் வாக்குச்சாவடி முகவர்களில் நான்கு பேரைத் தேர்தலுக்கு முந்தைய வாரம் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும், அந்தக் கட்சிக்கு அங்கே ஆள் இருக்காது.

உரிமம் பெற்ற துப்பாக்கிகளை வாங்கி வைப்பது, பெல்ட் ஷாப் எனப்படும் சட்டவிரோத சாராயக் கடைகளை மூடுவது, வாகனச் சோதனை ஆகியவையும் இதில் சேர்த்தி. 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் எடுத்துப் போனால் பணம் பறிமுதலாகும். பட்டான்செரு போன்ற இடத்தில் மும்பை நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சேர்வதால் சோதனைச் சாவடிகளுக்கு ஓய்வே கிடையாது. எந்த வண்டியை நிறுத்துவது, எதைப் போகச் சொல்வது என்ற முடிவு அந்த நேரத்தில் அங்கே நிற்பவர் கையில் இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில், எந்தச் சந்தில் கவர் மாறுகிறது என்ற தகவல் முதலில் வந்து சேரும் இடமும் காவல் நிலையம்தான். ரோந்து வண்டி ஐந்து நிமிடத்தில் போகிறதா, ஐம்பது நிமிடத்தில் போகிறதா என்பதில் ஒரு வார்டின் முடிவே மாறலாம்.

இந்தக் குறிப்புகள் எல்லாம் ஒரு காவல் ஆய்வாளரின் தலைக்குள் இருக்கின்றன. யார் யாருக்கு எதிரி, எந்தச் சாதித் தலைவர் எந்த வழக்கில் சிக்கியிருக்கிறார், ஊராட்சித் தலைவரான எந்த சர்பஞ்சின் மகன் மீதான எஃப்.ஐ.ஆர். இன்னும் குற்றப்பத்திரிகை ஆகவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பல லட்சம் செலவழித்துக் கருத்துக்கணிப்பு நடத்தினாலும் கட்சிகளுக்குக் கிடைக்காத தகவல் இது. மக்கள் பயந்தும் நம்பியும் காவல்துறையிடம் சொன்னவை, ஒருவர் ராஜினாமா செய்தவுடன் அவருடைய தேர்தல் மூலதனமாகிவிடுகின்றன. என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான்.

சட்டம் எதுவரை பார்க்கிறது?

சட்டத்தில் கட்டுப்பாடுகளுக்குப் பஞ்சமில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 28-ஏ பிரிவின்படி, தேர்தல் அறிவிக்கையிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை, தேர்தலுக்கென்று குறிக்கப்பட்ட காவல் அதிகாரிகள் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பவர்களாகவே கருதப்படுவார்கள். அதன் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர்கள். 129-வது பிரிவின்படி, எந்தக் காவலரும் ஒரு வாக்காளரை இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே என்று சொல்லக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு வேட்பாளர் தன் வெற்றிக்குக் காவல்துறையினரின் உதவியைப் பெற்றால், 123-வது பிரிவின் 7-வது உட்பிரிவுப்படி அது ஊழல் நடவடிக்கை; வெற்றியே ரத்தாகலாம். பணியில் இருப்பவர் தேர்தலில் நிற்கவே முடியாது. ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவரை அரசமைப்புச் சட்டமே தகுதியிழக்கச் செய்கிறது.

ஆணையத்தின் இடமாற்றக் கொள்கையும் நுணுக்கமானது. தேர்தலோடு தொடர்புடைய அதிகாரி சொந்த மாவட்டத்தில் இருக்கக் கூடாது. கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகள் ஒரே மாவட்டத்தில் இருந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஓய்வுபெறப் போகிறவருக்குத் தேர்தல் பணியே தரக் கூடாது. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசித் தேதி முடிந்த இரண்டு நாளில் ஒவ்வோர் அதிகாரியும் ஓர் உறுதிமொழி தர வேண்டும்: களத்தில் இருக்கும் எந்த வேட்பாளருக்கும் தான் நெருங்கிய உறவினர் அல்ல, தன் மீது நீதிமன்றத்தில் குற்ற வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை.

மைத்துனர் நிற்கிறாரா என்று கேட்கிறார்கள், சித்தப்பா மகன் நிற்கிறாரா என்று கேட்கிறார்கள். அந்த அதிகாரியே இந்த ஊரில் அடுத்து நிற்கப்போகிறாரா என்று மட்டும் கேட்பதில்லை. ராஜினாமா ஏற்கப்பட்ட நிமிடத்தோடு, அவருக்கு இருந்த எல்லாக் கட்டுப்பாடும் முடிந்துவிடுகிறது. முந்தைய நாள் வரை அவர் எங்கே, என்ன வேலை பார்த்தார் என்பது சட்டத்தின் கண்ணில் இல்லை.

ஐந்து நாள் இடைவெளி

பீகாரின் டி.ஜி.பி.யாக 2019 ஜனவரியிலிருந்து இருந்தவர் குப்தேஷ்வர் பாண்டே. 2020 செப்டம்பர் 22 அன்று அவருடைய விருப்ப ஓய்வு ஏற்கப்பட்டது. வழக்கமாகத் தேவைப்படும் மூன்று மாத முன்னறிவிப்பை மாநில அரசு தளர்த்திக் கொடுத்தது. செப்டம்பர் 25 அன்று பீகார் தேர்தல் அட்டவணை வந்தது. 27 அன்று அவர் ஆளும் ஐக்கிய ஜனதா தளத்தில் சேர்ந்தார். ஒரு மாநிலத்தின் முழுக் காவல்துறைக்கும் தலைவராக இருந்து, எந்த மாவட்டத்துக்கு எத்தனை படை என்று திட்டமிடும் இடத்தில் இருந்தவருக்கும், கட்சி உறுப்பினர் அட்டை வாங்கியவருக்கும் இடையே ஐந்து நாள்தான். அவர் எதிர்பார்த்ததாகப் பேசப்பட்ட பக்சர் தொகுதி கூட்டணியில் பா.ஜ.க.வுக்குப் போனது. அங்கே சீட்டு கிடைத்தது பரசுராம் சதுர்வேதிக்கு. அவர் காவல்துறையில் கான்ஸ்டபிளாக இருந்தவர். டி.ஜி.பி.க்குக் கிடைக்காத சீட்டு கான்ஸ்டபிளுக்குக் கிடைத்தது என்று நாடே பேசியது. ஆனால், பேச வேண்டிய விஷயம் அந்த ஐந்து நாள் இடைவெளி. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் இடைவெளி அதைவிடக் குறைவு. கான்பூர் மாநகரக் காவல் ஆணையர் அசீம் அருண், தான் விருப்ப ஓய்வு கேட்டிருப்பதையும் பா.ஜ.க.வில் சேரப்போவதையும் அறிவித்தது 2022 ஜனவரி 8 அன்று; தேர்தல் அட்டவணை வெளியான அதே நாள். பக்கத்து மாவட்டமான கன்னோஜில் நின்றார், வென்றார், அமைச்சரும் ஆனார். அவர் நேர்மையான அதிகாரி என்று பெயரெடுத்தவர்; அந்தப் பெயரைக் குறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால், ஜனவரி 7 வரை ஒரு பெருநகரத்தின் காவலை நடத்தியவரின் மனதில் அந்த முடிவு ஒரே இரவில் உருவாகியிருக்குமா? எதிர்க்கட்சிகளுக்கு எழுந்த அந்தச் சந்தேகத்துக்குப் பதில் தரச் சட்டத்தில் எந்த வழியும் இல்லை.

மேற்கு வங்கத்தில் 2021-ல் டெப்ரா தொகுதி இரண்டு முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரிகளின் மோதலாகவே அமைந்தது. திரிணமூல் சார்பில் ஹுமாயூன் கபீர், அதே ஆண்டு ஜனவரி வரை சந்தன்நகர் காவல் ஆணையர். பா.ஜ.க. சார்பில் பாரதி கோஷ், டெப்ரா இருக்கும் மேற்கு மிதினாப்பூர் மாவட்டத்துக்கே எஸ்.பி.யாக இருந்தவர், 2014 நாடாளுமன்றத் தேர்தலின்போது ஆணையத்தின் உத்தரவால் அந்தப் பதவியிலிருந்து மாற்றப்பட்டவர். வென்றது ஹுமாயூன் கபீர். நடுநிலை வேண்டும் என்று ஆணையம் ஒரு மாவட்டத்திலிருந்து வெளியே அனுப்பிய அதிகாரி, அதே மாவட்டத்துக்கு வேட்பாளராகத் திரும்பி வர எந்தத் தடையும் இல்லை.

ஒரு சல்யூட்

ஆந்திராவின் கோரண்ட்ல மாதவ் கதை இவற்றிலிருந்து மாறுபட்டது. அவர் அன்றைய அனந்தபூர் மாவட்டத்தின் கதிரியில் சர்க்கிள் இன்ஸ்பெக்டராக இருந்தவர். 2018-ல் அன்றைய அனந்தபூர் எம்.பி. ஜே.சி.திவாகர் ரெட்டி காவல்துறையை இழிவாகப் பேசியபோது, காவல் அதிகாரிகள் சங்கத்தின் பெயரால் மீசையை முறுக்கி பதிலடி கொடுத்து ஒரே நாளில் பிரபலமானவர். விருப்ப ஓய்வு கேட்டு, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸில் சேர்ந்து, ஹிந்துப்பூர் நாடாளுமன்றத் தொகுதி வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அன்றைக்கு ஆட்சியில் இருந்தது தெலுங்கு தேசம். ஓய்வுக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. வேட்புமனுத் தாக்கல் நடந்துகொண்டிருக்கும்போது அவர் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அலைந்து, விடுவிப்பு வாங்கித்தான் மனுவைக் காப்பாற்ற முடிந்தது.

2019 மே 23 அன்று அவர் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்கு எண்ணும் இடத்தில் பந்தோபஸ்தில் இருந்த ஒரு டி.எஸ்.பி., முன்பு மாதவுக்கு மேலதிகாரி. இருவரும் எதிரெதிரே நின்று சிரித்தபடி சல்யூட் அடிக்கும் படம் நாடெங்கும் பரவியது. வெள்ளைச் சட்டையில் ஒருவர், காக்கியில் ஒருவர். படத்தைப் பார்த்தவர்கள் நெகிழ்ந்தார்கள். காவலர் ஒருவர் எம்.பி. ஆனதில் கீழ்நிலைக் காவலர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் கதிரி, ஹிந்துப்பூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வரும் ஊர். சில மாதம் முன்பு வரை அவர் சட்டம் ஒழுங்கு பார்த்த ஊர்க்காரர்களிடம் வாக்குக் கேட்டு, அவரோடு வேலை பார்த்த காவலர்களின் பாதுகாப்பில் தேர்தலைச் சந்தித்து வென்றார். தோற்ற வேட்பாளரின் முகவராக அந்தக் கூடத்தில் நின்ற ஒருவருக்கு அந்த சல்யூட் எப்படித் தெரிந்திருக்கும்?

இதன் மறுபக்கம் தேபாசிஷ் தர். 2021 ஏப்ரல் 10 அன்று மேற்கு வங்கத் தேர்தலின்போது சீதல்குச்சியில் மத்தியப் படையினர் வாக்குச்சாவடியில் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அப்போது கூச்பிகார் எஸ்.பி. அவர். ஆட்சி அமைந்ததும் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். 2024-ல் ராஜினாமா செய்தார், பா.ஜ.க. அவரை பீர்பூமில் நிறுத்தியது. மாநில அரசிடமிருந்து வாங்க வேண்டிய நிலுவையின்மைச் சான்று இல்லை என்று வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் போயும் பலன் இல்லை. தேர்தல் பணியில் இருந்த அதிகாரி வேட்பாளராக வந்ததை எதிர்ப்பவர்கள்கூட இதைப் பார்த்து மகிழ முடியாது. தனக்குப் பிடிக்காத அதிகாரியின் கடிதத்தைக் கிடப்பில் போடுவது, பிடித்தவருக்கு மூன்று மாத விதியை ஒரே நாளில் தளர்த்துவது என இரண்டு வழிகளும் இன்று ஆளுங்கட்சியிடம் இருக்கின்றன.

தடை வேண்டுமா?

காவல்துறையினர் அரசியலுக்கே வரக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இருபது ஆண்டு கான்ஸ்டபிளாக இருந்து, கிராமத்தின் குடிநீர்ச் சண்டை முதல் குடும்பச் சண்டை வரை பார்த்தவரைவிட மக்களின் பாட்டை நேரில் பார்த்தவர் வேறு யார்? தெலங்கானாவில் 2025 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தலின்போது, சூர்யாபேட்டை மாவட்டத்தில் ஓய்வுக்குச் சில மாதமே இருந்த ஓர் உதவி ஆய்வாளர், சொந்த ஊரில் சர்பஞ்சாக நிற்க வேலையை விட்டார். அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை.

வந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும். பிரவீண் குமார் பல ஆண்டுகளாகச் சமூக நல உறைவிடப் பள்ளிகளின் செயலாளராக இருந்து, அங்கிருந்துதான் விலகினார். காவல் நிலையங்கள் அவர் கையில் இல்லை. 2023-ல் சிர்பூரில் நின்றபோது ராஜினாமாவுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தோற்றார், 2024-ல் வேறு கட்சியில் நாகர்கர்னூலிலும் தோற்றார். நம் ஊர் அண்ணாமலை 2019-ல் கர்நாடகத்தில் பதவி விலகியவர். 2021-ல் அரவக்குறிச்சியிலும் 2024-ல் கோவையிலும் நின்றார். அவர் காக்கி அணிந்தது வேறு மாநிலத்தில். ஆர்.நட்ராஜ் டி.ஜி.பி.யாக ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து 2016-ல் மயிலாப்பூரில் வென்றவர். இவர்களுடைய அரசியலை ஏற்கலாம், எதிர்க்கலாம். ஆனால், பந்தோபஸ்து பார்த்த தொகுதியிலேயே உடனே மனுப் போட்டார்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது.

இப்படி ஓர் இடைவெளி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2012-ல் மத்திய அரசைக் கேட்டது. ஓய்வுபெறும் உயரதிகாரிகள் உடனே கட்சியில் சேரவும் தேர்தலில் நிற்கவும் காத்திருப்புக் காலம் வைக்கச் சொன்னது. அரசு மறுத்தது, ஜனநாயக உரிமைக்கு அது பொருந்தாது என்றது. 2022-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், இதை முடிவு செய்ய வேண்டியது சட்டமியற்றும் அவைதான் என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஆனால், இதே அகில இந்தியப் பணி அதிகாரி ஓய்வுபெற்று ஒரு தனியார் நிறுவனத்தில் சேர வேண்டுமென்றால், ஓராண்டுக்கு அரசின் அனுமதி தேவை. சிமென்ட் கம்பெனிக்கு ஆலோசகராகப் போக ஓராண்டு தடுப்பு. சட்டமன்றத்துக்குப் போக ஒரு நாள்கூட இல்லை.

தேர்தலில் நிற்பது அடிப்படை உரிமையாயிற்றே என்று சிலர் கேட்கலாம். அதற்கான பதில் நம் நாமக்கல்லிலேயே இருக்கிறது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் என்.பி.பொன்னுசாமியின் வேட்புமனு நிராகரிக்கப்பட, அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தலில் நிற்பது சட்டம் தரும் உரிமை, அந்தச் சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டது என்று 1952-ல் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு வந்த பல தீர்ப்புகளும் அந்த வழியிலேயே போயின. ஆகவே, நியாயமான வரம்பு வைக்கச் சட்டம் தடையாக இல்லை. வைக்க மனம்தான் இல்லை.

வெளிநாடுகளைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள இதில் அதிகம் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான மாவட்டங்களில் ஷெரிப் என்ற காவல் தலைவரையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியில் இருந்தபடியே அவர் மறுபடி நிற்கிறார். அந்த ஊர் மரபு வேறு. பிரிட்டனில் 2012 முதல் காவல்துறையைக் கண்காணிக்கும் ஆணையர்களுக்குத் தேர்தல் நடந்தது. அதில்கூடப் பணியில் இருக்கும் காவலர் நிற்க முடியாது.

நாடு முழுமைக்கும் எல்லா அதிகாரிக்கும் ஒரே பூட்டு போட வேண்டாம். எல்லை வைத்து ஒரு விதி போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் சட்டம் ஒழுங்குப் பொறுப்போ தேர்தல் பொறுப்போ பார்த்த தொகுதியில், பதவி விலகி இரண்டு ஆண்டு ஆகும் வரை ஒருவர் நிற்கக் கூடாது; வேறு எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். டி.ஜி.பி. என்றால் மாநிலம் முழுதுமே அவர் எல்லை. அது அந்தப் பதவியின் கனத்துக்கான விலை. கூடவே, ராஜினாமா கடிதம் வந்தால் பதினைந்து நாளில் அரசு முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ள வேண்டும். நிலுவையின்மைச் சான்றுக்கும் அதே கெடு. இரண்டாவது விதி இல்லாமல் முதல் விதியை மட்டும் கொண்டுவந்தால், அது அதிகாரிகளை மிரட்ட ஆட்சியாளர்களுக்குக் கிடைக்கும் இன்னொரு கோல்தான்.

ஆணையத்தால் இது முடியாது என்று சொல்ல வேண்டாம். 2023 டிசம்பர் 3 அன்று தெலங்கானாவில் வாக்கு எண்ணிக்கை முடிவதற்கு முன்பே, மாநில டி.ஜி.பி. அஞ்சனி குமார் பூங்கொத்தோடு காங்கிரஸ் மாநிலத் தலைவர் ரேவந்த் ரெட்டியின் வீட்டுக்குப் போனார். அன்றைக்கே ஆணையத்தின் உத்தரவால் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். சில நாள் கழித்துத்தான் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு பூங்கொத்தில் நடுநிலை தவறியதாகக் கண்ட ஆணையம், பணியில் இருந்தபடியே சீட்டு பேசும் அதிகாரியைக் காணாமல் இருப்பது சரியல்ல.

நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர நாளாகலாம். ஆனால், வேட்பாளர் தரும் 26-ம் எண் படிவத்தில் ஒரு பத்தியைச் சேர்க்க அவ்வளவு காலம் தேவையில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் அதன் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக் கட்டணம் பாக்கி உள்ளதா என்று அந்தப் படிவம் இப்போதே கேட்கிறது. அரசுப் பணியில் கடைசியாக எந்த எல்லையில் இருந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள், இந்தத் தொகுதியில் தேர்தல் பணி பார்த்திருக்கிறீர்களா என்ற மூன்று கேள்விகள் அதில் இல்லை. அவற்றைச் சேர்க்கச் சொல்லித் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுங்கள். அதுவரை, உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும் முன்னாள் அதிகாரியிடம் நீங்களே கேளுங்கள்.